பத்துக் கேள்வியில் பிரகிருதி தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் 'நீங்கள் வாதமா, பித்தமா, கபமா?' என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள். கூட்டிப் பார்த்தால் உங்கள் உடல்வாகு தெரிந்துவிடுமாம். நான் ஆயுர்வேத மருத்துவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். திங்கட்கிழமை காலையிலேயே அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். "டாக்டரம்மா, எனக்குப் பித்தம் ஏழு, வாதம் மூணு. அதுக்கு ஏத்த மாதிரி மருந்து குடுங்க" என்றார் ஒருவர். என்ன தொந்தரவு என்று கேட்டேன். தொந்தரவு ஒன்றும் இல்லையாம், பித்தத்துக்கு மருந்து வேண்டுமாம்.

மக்களுக்கு இதில் ஆர்வம் வந்திருப்பது எனக்குச் சந்தோஷம்தான். 2024 நவம்பர் இறுதியில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் நாடு முழுவதும் பிரகிருதி, அதாவது பிறவி உடல்வாகு, பரிசோதனை இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். அதற்குப் பிறகு பிரகிருதி என்ற சொல்லைப் பேருந்தில்கூடக் கேட்கிறேன். ஆனால் அந்தச் சொல் பரவிய அளவுக்கு அதன் பொருள் பரவவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பிரகிருதி என்பது கருவிலேயே அமைந்துவிடுவது. கரு உருவாகும் வேளையில் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் எந்த தோஷம் மேலோங்கி இருக்கிறதோ அதன்படி உடலின் அமைப்பு அமைகிறது என்கிறது ஆயுர்வேதத்தின் மூலநூல்களில் ஒன்றான சுசுருத சம்ஹிதை. தாய் தந்தையின் இயல்பு, கருப்பையின் நிலை, அந்தப் பருவம், தாயின் உணவும் நடத்தையும் என்று இன்னொரு மூலநூலான சரக சம்ஹிதையின் சரகர் இதற்கான காரணங்களை இன்னும் விரித்துச் சொல்கிறார். தனித்தனியாக மூன்று, இரண்டிரண்டு சேர்ந்து மூன்று, மூன்றும் சமமாக ஒன்று என ஏழு வகை. நடைமுறையில் நாங்கள் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு தோஷம் கலந்தவர்கள். மூன்றும் சமமானவர் அபூர்வம். அப்படி ஒருவர் மருத்துவரிடம் ஏன் வரப்போகிறார் என்பதும் யோசிக்க வேண்டியதுதான்!

இப்படி அமைந்த பிரகிருதி வாழ்நாள் முழுக்க மாறாது, ஆயுள் முடியும் தறுவாயில்தான் மாறும் என்கிறார் சுசுருதர். சரி, ஒரு தோஷம் பிறவியிலேயே தூக்கலாக இருந்தால் அது நோய் ஆகாதா? நஞ்சில் பிறந்த புழுவை அந்த நஞ்சு கொல்லாது, அதுபோலத்தான் என்பது அவர் தரும் விடை. சரகரோ இன்னும் கறார். ஒரு தோஷம் மேலோங்கியவர்கள் எப்போதும் நோயின் விளிம்பில் இருப்பவர்கள், சமமானவர்களே நலமுள்ளவர்கள் என்பது அவர் கட்சி. கல்லூரி நாட்களில் இந்த இரண்டையும் வைத்து விடுதியில் விளக்கணைக்கும் வரை சண்டை போட்டிருக்கிறோம். இன்றைக்கும் எனக்குப் புழுவின் பக்கம்தான் சாய்வு. பித்தப் பிரகிருதிக்காரர் ஒருவர் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, வேலையும் செய்துகொண்டிருந்தால் அவருடைய பித்தத்துக்கு மருந்து கொடுக்க எனக்கு என்ன அவசியம்?

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். தூக்கம் எப்படி, பசி எப்படி, மலச்சிக்கல் உண்டா, சருமம் வறண்டிருக்கிறதா, கோபம் வருமா. இவை எல்லாமே இன்றைய நிலையைக் கேட்பவை. இன்றைய நிலைக்கு ஆயுர்வேதத்தில் விக்ருதி என்று தனிப் பெயரே உண்டு. ஜலதோஷம் பிடித்த நாளில் ஒருவரின் பேச்சைக் கேட்டு, அதுதான் அவர் குரல் என்று எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? பரீட்சை நேரத்தில் தூக்கம் கெட்டு, வேளைக்குச் சாப்பிடாமல் வயிறு உப்பி இருக்கும் மாணவனிடம் இந்தப் பத்தையும் கேளுங்கள், வாதம் என்றுதான் வரும். அவனையே விடுமுறையில் கேளுங்கள், வேறு வரும்.

நாங்கள் எப்படிக் கேட்போம் என்று சொல்கிறேன். முதல் கேள்வி பெரும்பாலும் கூட வந்திருக்கும் அம்மாவிடம்தான். சின்ன வயதில் இவன் எப்படி? பசித்தால் வீட்டை இரண்டாக்குவானா, கொடுத்தால் சாப்பிடுவானா, ஒரு நாள் நாலு இட்லி மறுநாள் ஒன்றும் வேண்டாம் என்பானா? பித்தக்காரருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் தாங்காது. கபக்காரருக்கு ஒரு வேளை தவறினால் பெரிதாக ஒன்றுமில்லை. வாதக்காரரின் பசிக்கு ஒழுங்கே கிடையாது. அப்புறம் பள்ளிக்கூடம். செய்யுளைச் சீக்கிரம் மனப்பாடம் செய்து சீக்கிரம் மறந்தாரா, மெதுவாக ஏற்றி அப்படியே நிறுத்திக்கொண்டாரா? வெயிலா, குளிரா, எது ஆகாது? இளநரையும் வழுக்கையும் குடும்பத்தில் எந்த வயதில்? வயிறு எப்படி? சிலருக்கு ஒரு டம்ளர் பால் குடித்தாலே இளகிவிடும், அது பித்தத்தின் இளங்கோஷ்டம், அதாவது எளிதில் இளகும் குடல். சிலருக்குப் பேதி மருந்துக்கே அசையாது, அது வாதம். உட்கார்ந்து எழும்போது மூட்டில் சடக்கென்று சத்தம் வருகிறதா, வந்தால் எத்தனை வயதிலிருந்து? வாசலிலிருந்து நாற்காலி வரை அவர் நடந்து வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும். இவ்வளவும் கேட்ட பிறகுதான் நாடியில் கை வைப்பேன். சில நேரம் இரண்டாம், மூன்றாம் தடவை வரும்போதுதான் முடிவுக்கு வர முடிகிறது.

உங்கள் பக்கம் வருவதற்கு முன்பே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் இதுபோன்ற கேள்விகளுக்கு விடை சொல்லி, தனக்கு வாத உடம்பு என்று முடிவு செய்துகொண்ட ஒரு பெண் வந்தார். உடல் மெலிந்திருந்தது, முடி கொட்டுகிறது, தூக்கம் இல்லை, மனம் பரபரக்கிறது. கேள்வித்தாள்படி பார்த்தால் அச்சு அசல் வாதம். பல மாதங்களாக நெய்யும் நல்லெண்ணெயுமாக வாதத்தை அடக்கும் உணவு. அப்படியும் எடை குறைந்துகொண்டே வந்தது. கையை நீட்டச் சொன்னேன், விரல்கள் மெல்ல நடுங்கின. நாடி ஓட்டமோ ஓட்டம். பள்ளிப் படத்தைக் காட்டச் சொன்னால் அதில் கொழுகொழுவென்று ஒரு பெண். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. அதற்குரிய சிறப்பு மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். இதே தைராய்டு குறைவாகச் சுரந்தால் எடை ஏறும், சோம்பல் வரும், குளிர் தாங்காது, குரல் தடிக்கும். கேள்வித்தாள் அப்படிப்பட்டவரைக் கபம் என்று சொல்லி, மிளகும் தேனும் சாப்பிடச் சொல்லியிருக்கும். புதிதாக வந்த மாற்றம் எதுவும் பிரகிருதி ஆகாது. அதை முதலில் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

வயதும் ஒரு கணக்கு. ஆயுர்வேதத்தில் குழந்தைப் பருவம் கபத்தின் காலம், நடுவயது பித்தத்தின் காலம், முதுமை வாதத்தின் காலம். எழுபது வயதில் முழங்கால் வலியும் தூக்கக் குறைவும் வந்தால் "எனக்கு வாத உடம்பு" என்று சொல்லிவிட முடியாது. கபப் பிரகிருதிக்காரருக்கும் அந்த வயதில் வாதம் கூடத்தான் செய்யும். சித்த மருத்துவத்தில் இந்த வரிசை தலைகீழ், முதல் பகுதி வாதம், நடுப்பகுதி பித்தம், கடைசிப் பகுதி ஐயம், அதாவது கபம். உடலமைப்பை அவர்கள் யாக்கை இலக்கணம் என்று தனியாகப் பார்க்கிறார்கள். நாடியோடு நா, நிறம், மொழி, விழி எல்லாம் சேர்ந்த எண்வகைத் தேர்வும் அவர்களுக்கு உண்டு. உங்கள் பக்கத்தில் பாதி ஆயுர்வேதம், பாதி சித்தம், நடுவில் எங்கிருந்தோ வந்த யோகா ஆலோசனை. இரண்டு மருத்துவத்திலும் வாதம், பித்தம், கபம் என்ற பெயர்கள் வருகின்றன என்பதற்காக இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டக் கூடாது.

பிரகிருதியைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியைப் பார்க்கச் சரகர் தன் நூலின் விமானஸ்தானம் என்ற பகுதியில் சொல்லும் பத்துப் பரிசோதனைகளில் அது ஒன்றுதான். விக்ருதி, தாதுக்களின் (உடல் திசுக்களின்) சாரம், உடற்கட்டு, அளவு, பழகிப்போன உணவு, மனவலிமை, உண்ணும் சக்தி, உழைக்கும் சக்தி, வயது என்று மீதி ஒன்பது இருக்கின்றன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பழகிப்போன உணவு, அதாவது சாத்மியம். எங்கள் நாகர்கோவில் பக்கம் பிறந்ததிலிருந்து புளியும் காரமும் தேங்காயும் மீனும் சாப்பிட்டு வளர்ந்தவரிடம் "உங்களுக்குப் பித்தம், நாளை முதல் புளி, மிளகாய், பூண்டு எதையும் தொடாதீர்கள்" என்று உங்கள் பக்கத்தில் ஒரு கட்டம் சொல்கிறது. பிரகிருதிக்கு எதிர்க்குணமுள்ள உணவு நல்லது என்பதை நூல்களும் சொல்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆகாத பழக்கத்தைக்கூட ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. கால் பங்கு குறைத்து, இடைவெளி விட்டு, மறுபடி கால் பங்கு என்று படிப்படியாகத்தான் விடச் சொல்கிறது சரக சம்ஹிதை.

இது அறிவியல்தானா என்று என் பேரன் கேட்பான். 2008 முதல் டெல்லியிலும், பிறகு ஹைதராபாத்திலும் மரபணு ஆய்வாளர்கள் இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். 2015இல் வந்த ஓர் ஆய்வில் 262 ஆண்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, பிஜிஎம்1 என்ற மரபணுவுக்கும் பித்தப் பிரகிருதிக்கும் தொடர்பு தெரிவதாகச் சொன்னார்கள். நல்ல தொடக்கம். ஆனால் 262 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. அந்த ஆய்வுக்கும் உங்கள் பத்துக் கேள்விக்கும் சம்பந்தமும் கிடையாது. அங்கே மருத்துவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, பிரகிருதி தெளிவாகத் தெரிந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஒரே ஆளைப் பார்த்து நானும் என் தோழியும் வேறு வேறு பிரகிருதி சொல்லியிருக்கிறோம். பார்க்கும் முறையை எல்லோரும் ஒன்றுபோல ஆக்குகிற வேலை எங்கள் துறையில் இன்னும் முடியவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடுவதானால், தயவுசெய்து எல்லாக் கேள்விகளையும் 'சிறு வயதிலிருந்தே' என்று தொடங்குங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். பிள்ளைகளுக்கு இதைப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். "கபக் குழந்தை, மந்தமாத்தான் இருக்கும்" என்று ஒரு தாய் தன் மகனை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

இதெல்லாம் அடுத்த முறைக்கு. இந்த வாரமே போட வேண்டிய திருத்தம் ஒன்று இருக்கிறது. பித்தக்காரர்கள் தினமும் இரவில் தயிர்சாதம் சாப்பிட்டால் சூடு தணியும் என்று அச்சாகியிருந்தது. எங்கள் மாவட்டத்திலும் கேரளத்திலும் ஆயுர்வேத மருத்துவர்கள் கையில் எப்போதும் இருப்பது அஷ்டாங்க ஹிருதயம் என்ற நூல். அதில் தயிர் உஷ்ண வீரியமுள்ளது, அதாவது சூட்டுக் குணமுள்ளது, வாதத்தைத் தணிக்கும், கபத்தையும் பித்தத்தையும் கூட்டும் என்று இருக்கிறது. இரவில் உண்ணக் கூடாது, சூடாக்கி உண்ணக் கூடாது, பகலிலும் பாசிப்பயறு ரசமோ தேனோ நெய்யும் சர்க்கரையுமோ நெல்லிக்காயோ சேர்க்காமல் உண்ணக் கூடாது என்றும் இருக்கிறது. நெல்லிக்காய் என்றால் ஊறுகாய் அல்ல. மோர் வேறு பொருள், அதன் குணம் வேறு. அதுவும் கப வாதத்துக்குத்தான் முதலில் சொல்லப்படுகிறது. பித்தத்துக்கு நூல்கள் சொல்வது நெய்யும் பாலும். ஏற்கெனவே மூக்கடைப்போடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆயுர்வேத மருத்துவர்,
நாகர்கோவில்.