பழைய திட்டத்தையும் மேசைமேல் வையுங்கள்

நிறுவனங்களின் இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம். அறிவுசார் சொத்துரிமைக்கென ஆண்டுதோறும் புதிய திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறீர்கள். முன்பு ஒப்புதல் பெற்ற திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உங்களில் மிகச் சிலரே. கேட்டாலும், இத்தனை காப்புரிமை விண்ணப்பம் போட்டோம், இத்தனை கிடைத்தது என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் டிஜிட்டல் படக் காப்புரிமைகள் 220 கோடி டாலருக்குக் குறையாது என்பது அந்நிறுவனம் அமர்த்திய மதிப்பீட்டாளர்களின் கணக்கு. கடைசியில் சுமார் 52.5 கோடி டாலருக்குத்தான் கைமாறின. நெருக்கடியில் விற்றது ஒரு காரணம். ஆனால் அதே ஆண்டு ஜூலையில், ஆப்பிளுக்கு எதிராக கோடாக் முன்வைத்த முக்கியமான உரிமைக்கோரல் (எது தன்னுடையது என்று காப்புரிமையில் வரையறுக்கும் வாசகம்) செல்லாது என்று அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் தீர்ப்பளித்ததையும் மறக்கக் கூடாது. சாம்சங்கும் எல்ஜியும் பெருந்தொகை கொடுத்து உரிமம் பெற்ற அதே காப்புரிமை அது!

உங்கள் பதிவேட்டிலும் இப்படிப்பட்டவை இருக்கலாம். 'வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் முறை' என்று அகலமாக எழுதி விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே முறை ஏற்கெனவே வெளியான ஆவணம் ஒன்றில் இருப்பதைக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எடுத்துக்காட்டுகிறார். 'இரண்டு உணரிகள் (சென்சார்கள்) கொண்டு' என்று சேர்த்துக் குறுக்கிய பிறகே உரிமை கிடைக்கிறது. போட்டியாளர் ஒரே உணரியை வைத்து அதே வேலையை முடித்துக்கொள்கிறார். பதிவேட்டில் மட்டும் 'வழங்கப்பட்டது' என்று இருக்கிறது. திட்டம் நிறைவேறியதாகக் கணக்கு எழுதப்படுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்தக் கண்டுபிடிப்புக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது.

வணிகக் குறிகளில் இந்தச் சிக்கல் குறைவு. பயன்படுத்துகிறோமா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள். பெரும்பாலான நாடுகளில் ஆண்டு ஏற ஏறப் புதுப்பித்தல் கட்டணமும் ஏறும். ஒவ்வொரு கட்டணமும் செலுத்த வேண்டிய நாளில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது நாம் இப்போது விற்கும் எந்தப் பொருளைக் காக்கிறது? யாராவது இதற்கு உரிமத் தொகை தருகிறார்களா? இதனால் எந்தப் போட்டியாளராவது வழி மாறினாரா?

அடுத்த கூட்டத்தில் விண்ணப்பித்த உரிமைக்கோரலையும் வழங்கப்பட்ட உரிமைக்கோரலையும் அருகருகே அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். வழக்கறிஞரோடு பொறியாளரும் விற்பனை மேலாளரும் இருக்கட்டும். போட்டியாளர் எந்த வழியாக நழுவினார் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும். திட்டம் பொய்த்ததற்காக யாரையும் தண்டிக்காதீர்கள். தண்டித்தால், அடுத்த முறையும் விண்ணப்ப எண்ணிக்கைதான் உங்கள் முன் வரும்.

இப்படிக்கு,
காப்புரிமைப் பணியில் இருக்கும் ஒருவர்