பண்பலைச் சந்தையை நகராட்சி எல்லையால் அளக்க வேண்டாம்

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும், டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

தனியார் பண்பலை மூன்றாம் கட்டக் கொள்கையின் கீழ் 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர், காரைக்குடி உள்ளிட்ட தமிழ்நாட்டு ஊர்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. ஊருக்கு மூன்று அலைவரிசைகள். திருச்சி, தஞ்சை வட்டாரத்துக் கடைகளுக்கு வானொலியில் விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்த அறிவிப்பை மனதார வரவேற்றேன். ஆனால் ஏலத்தின் அடிப்படை விலையும் உரிமக் கட்டணமும் பேசப்படுகிற அளவுக்கு, அவற்றுக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி பேசப்படவில்லை. ஒரு வானொலிச் சந்தை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே அந்தக் கேள்வி. அதற்கு இன்றைய விதி தரும் விடை தவறானது என்று உறுதியாகக் கருதுவதால் இம்மடலை எழுதுகிறேன்.

இன்றைய விதிப்படி சந்தை என்பது நகரம். நான்கு பெருநகரங்களும் ஏ பிளஸ் வகை. மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டினால் ஏ, 10 லட்சத்தைத் தாண்டினால் பி, 3 லட்சத்தைத் தாண்டினால் சி, ஒரு லட்சத்தைத் தாண்டினால் டி. இந்த எழுத்து முடிவானதும் மற்றவையும் அதோடு முடிவாகிவிடுகின்றன. ஏ பிளஸ் நகரத்துக்கு ஒன்பது அல்லது பத்து அலைவரிசைகள், ஏ வகைக்கு ஆறு, பி, சி வகைகளுக்கு நான்கு, டி வகைக்கு மூன்று. ஒலிபரப்பின் திறனும் அப்படியே இறங்கி வருகிறது. சென்னையில் 25 முதல் 50 கிலோவாட் வரை அனுமதிக்கப்படுகிறது என்றால், டி வகை ஊருக்கு 1 முதல் 3 கிலோவாட் மட்டுமே.

இதில் எளிதாகக் கண்ணில் படும் குறை, கணக்கு பழையது என்பதுதான். 2011 ஜூலையில் வெளியான மூன்றாம் கட்டக் கொள்கை 2001 கணக்கெடுப்பின் மேல் கட்டப்பட்டது. அந்தக் கணக்கெடுப்பில் 14 லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்த கோவை நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த பகுதி, 2011 கணக்கெடுப்பில் 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிய கணக்கை வைத்து அதே விதியைக் கடைப்பிடித்திருந்தால் கோவை ஏ வகைக்கு உயர்ந்து ஆறு அலைவரிசைகளுக்கு உரிமை பெற்றிருக்கும். இன்றும் அது பி வகையில்தான் இருக்கிறது. எனினும் இதைப் பெரிய குறையாக நான் சொல்லவில்லை. அடுத்த கணக்கெடுப்பு முடிவுகள் வந்ததும் பட்டியலைத் திருத்தினால் தீர்ந்துவிடும்.

தலையாய குறை வேறு. அலைக்கு நகராட்சி எல்லை தெரியாது. கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகா ஹெர்ட்ஸில், 10 கிலோவாட் திறனில் வரும் அகில இந்திய வானொலியின் கோடைப் பண்பலை, திண்டுக்கல், மதுரை, தேனி, கரூர், திருச்சி என்று மாவட்டம் மாவட்டமாகக் கேட்கப்படுகிறது. கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகையை வைத்து அந்த நிலையத்தின் சந்தையை அளந்தால், மூன்றாம் கட்டத்தின் டி வகைக்குக்கூட அது தகுதி பெறாது. ஆனால் பருத்திக்காட்டிலும் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் தென்தமிழகத்தில் எத்தனை பேர் என்பது வானொலித் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

என் தொழிலில் அன்றாடம் பார்ப்பதையும் சொல்கிறேன். திருச்சியிலிருந்து காரில் வந்தால் திருச்சி நிலையங்கள் வல்லம் வரை தெளிவாகக் கேட்கின்றன. தஞ்சாவூருக்குள் வந்து கீழவாசல் பக்கத்து வீட்டுக்குள் சிறு ரேடியோவை வைத்தால் இரைச்சல் கூடுகிறது; ஆனாலும் நிலையம் மறைந்துவிடுவதில்லை. தஞ்சாவூர் ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்குப் பத்து விநாடிக்கு இன்ன விலை என்று திருச்சி நிலையத்தின் ரேட் கார்டுப்படி பணம் கட்டுகிறார். அவருடைய வாடிக்கையாளர்களோ ஒரத்தநாட்டிலும் பாபநாசத்திலும் இருக்கிறார்கள். அவர் எந்தச் சந்தையில் விளம்பரம் செய்கிறார்? உங்கள் பட்டியலின்படி திருச்சியில். அவரைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்.

இது வெறும் விளம்பரக் கணக்கு அன்று. ஒரு சந்தையில் எத்தனை நிலையங்கள் என்ற எண்ணிக்கைதான், அங்கே எத்தனை உரிமையாளர்கள் இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஒரு நகரத்தின் அலைவரிசைகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நிறுவனம் வைத்திருக்கக் கூடாது, குறைந்தது மூன்று வெவ்வேறு நிறுவனங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. நாடு முழுவதற்குமாக இருந்த 15 விழுக்காட்டு உச்சவரம்பை 2022 அக்டோபரில் அரசு நீக்கிவிட்டது. எனவே குரல்கள் ஒரே கையில் குவியாமல் தடுக்க மிஞ்சியிருக்கும் முக்கியமான வேலி இந்த நகர அளவு வரம்புதான். அந்த வேலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். திருச்சிக்கு நான்கு, தஞ்சாவூருக்கு மூன்று, புதுக்கோட்டைக்கு மூன்று, ஆக பத்து அலைவரிசைகள். தனித்தனிச் சந்தைகளாக எண்ணினால் ஒவ்வோர் ஊரிலும் ஒருவருக்கு ஒன்று என்று விதி முழுமையாகக் காக்கப்படும். ஆனால் அதே மூன்று நிறுவனங்கள் மூன்று ஊர்களிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டால், அலைகள் ஒன்றோடொன்று கலக்கும் இந்த வட்டாரத்தின் பத்து நிலையங்களுக்கும் மொத்தம் நான்கே உரிமையாளர்கள் இருப்பார்கள். தாளில் பத்து, காதில் நான்கு.

அமெரிக்கா இந்த இடறலை நமக்கு முன்பே சந்தித்தது. அங்கே 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 45 அல்லது அதற்கு மேற்பட்ட நிலையங்கள் கொண்ட சந்தையில் ஒருவர் எட்டு நிலையங்கள் வரை வைத்திருக்கலாம் என்றது. சந்தை சிறுத்தால் எண்ணிக்கையும் குறையும். ஆனால் சந்தை எது என்பதை, நிலையங்களின் அலைப்பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை வைத்து அவர்கள் கணக்கிட்டார்கள். ஒருவருக்குச் சொந்தமான நிலையங்களை எண்ண ஓர் அளவுகோல், சந்தையின் மொத்த நிலையங்களை எண்ண வேறோர் அளவுகோல் என்று அந்த முறை அமைந்ததால், சிற்றூர்கள்கூடத் தாளில் பெரிய சந்தைகளாகத் தெரிந்தன. வட டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகரில் வணிக வானொலிகள் ஆறும் ஒரே நிறுவனத்தின் கைக்குச் சென்றன. 2002 ஜனவரியில் அங்கே ரயில் தடம் புரண்டு அம்மோனியா வாயு கசிந்த இரவில் வானொலி வழியே மக்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பிழை யாருடையது என்பதில் காவல்துறையும் நிறுவனமும் மாறுபட்டன. ஆயினும் உரிமைக் குவிப்பு பற்றிய விவாதத்தில் அந்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. 2003-இல் அமெரிக்க ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. அந்தக் கணக்கு முறையைக் கைவிட்டு, மக்கள் நடைமுறையில் எந்த நிலையங்களைக் கேட்கிறார்கள், எந்த நிலையங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்பதை ஒட்டி, வானொலி கேட்போரைக் கணக்கெடுக்கும் ஆர்பிட்ரான் நிறுவனம் வகுத்த சந்தைப் பகுதிகளை ஏற்றது. அந்த முறையிலும் குறைகள் உண்டு. ஆனால் நிலைய எண்ணிக்கை என்பது எல்லைக்கோட்டைப் பொறுத்தது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

நம்மிடம் அப்படியொரு கேட்போர் கணக்கே இல்லை என்பது வேதனை. டாம் நிறுவனத்தின் ரேம் எனப்படும் வானொலிக் கேட்போர் கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களைத்தான் அளந்தது. சென்னைக்கே அதில் இடமில்லை. தஞ்சாவூரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கேட்போர் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று அறியாமல், 2001-இல் ஊருக்குள் எத்தனை தலைகள் என்பதை வைத்துச் சந்தையை வகுத்து ஏலம் விடுகிறோம். பிறகு ஏலம் போகவில்லையே என்று வருந்துகிறோம். மூன்றாம் கட்டத்தின் முதல் சுற்றில் 135 அலைவரிசைகளில் 97 விற்றன. இரண்டாம் சுற்றில் 266-இல் 66 மட்டுமே விற்றன. விலையும் ஒரு காரணம்தான். ஆனால் 3 கிலோவாட்டுக்குள், ஒரே ஊரின் கடைத்தெருவை நம்பி, சம்பளமும் கோபுர வாடகையும் இசை உரிமத் தொகையும் கொடுத்து ஒரு நிலையத்தை நடத்த முடியாது என்பதை ஏலத்துக்கு வராதவர்கள் நன்றாகவே கணக்குப் போட்டிருந்தார்கள்.

இந்தக் கணக்கில் முற்றிலும் விடுபட்டுப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து கிராமங்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. கைப்பேசி கோபுரங்கள் செயலற்றுப் போன அந்த நாள்களில் பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்கு இருந்த மதிப்பை டெல்டாக்காரர்களிடம் கேட்க வேண்டும். காரைக்கால் வானொலி இருக்கிறது. அதன் பணிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நாகப்பட்டினமும் திருவாரூரும் தனியார் பண்பலைப் பட்டியலில் இல்லை. 2001-இல் நாகப்பட்டினம் நகரம் ஒரு லட்சத்தை எட்டவில்லை. திருவாரூர் 60 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. மாவட்டம் முழுவதும் வயலோரமும் கடலோரமும் பரந்து வாழும் மக்களை நகராட்சிக் கணக்கு எண்ணுவதில்லை. வட்டாரத்தைச் சந்தையாகக் கொண்டால் அவர்கள் எண்ணிக்கைக்குள் வருவார்கள்.

ஆகவே நான் கேட்பது இது. அலை நடைமுறையில் எட்டும் பரப்பையும், மக்கள் வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் வட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்து ஒலிபரப்புச் சந்தைகளை வகுக்க வேண்டும். ஏலத்துக்கு முன்பே அந்த வரைபடங்களைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட வேண்டும். திறனையும் கோபுரம் நிற்கும் இடத்தையும் அதற்கேற்ப நிர்ணயிக்க வேண்டும். அப்படி வகுத்தால் பத்து அலைவரிசை கொண்ட வட்டாரத்தில் 40 விழுக்காடு என்பது ஒருவருக்கு நான்கு நிலையங்கள் ஆகிவிடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் வட்டாரச் சந்தையில் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் இல்லை, குறைந்தது ஐந்து உரிமையாளர்கள் என்று வரம்பை இறுக்க வேண்டும். இரண்டு வைத்திருப்பவர் இரண்டிலும் அதே புதுப்படப் பாட்டைப் போட்டுத் தன்னோடு தானே போட்டியிட மாட்டார். ஒன்றையாவது நாட்டுப்புற இசைக்கோ விவசாயத்துக்கோ உள்ளூர்ப் பேச்சுக்கோ ஒதுக்கிப் பார்ப்பார். இன்று நான்கு நிலையங்களும் நான்கு பேரிடம் இருந்தும் நான்கிலும் ஒரே பாட்டு ஒலிப்பதற்கு, எல்லோரும் அதே பெருங்கூட்டத்தைத் துரத்த வேண்டியிருப்பதே காரணம்.

இன்னொன்று, உங்கள் கோப்பிலேயே இருப்பது. சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று நிலையங்கள் 0.8 மெகா ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்பதை ரேடியோவைத் திருப்புகிற எவரும் காணலாம். அந்த 800 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியை 400 ஆகக் குறைக்கலாம் என்று 2012 ஏப்ரலில் டிராய் பரிந்துரைத்தது. ஒரு சந்தையில் எத்தனை நிலையங்களுக்கு இடம் உண்டு என்பதற்கு இயற்கை விதித்த வரம்பு வேறு, நாம் விதித்துக்கொண்ட வரம்பு வேறு. அந்தப் பரிந்துரையின் மீது அமைச்சகம் தன் முடிவைக் காரணங்களோடு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வட்டார வரைபடம் குறித்த கருத்துக்கேட்புக்கான தேதியையும் அதோடு சேர்த்து அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வானொலி விளம்பரத் தொழிலில் உள்ள ஒருவர்
தஞ்சாவூர்