ஓட்டுப் போட்டவன் முட்டாளா?

ஹவுன்ஸ்லோ, லண்டன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதை உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. வரி கோணாமல் நேராகப் போகிறது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள். இங்கே எல்லாரும் சுகம். கமலாவுக்குக் குளிர் வந்தால் முழங்கால் வலி கூடுகிறது, அது ஒன்றுதான் குறை.

கடிதத்தோடு நீ மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டையும் படித்தேன். 2023-இல் பாத் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வைப் பற்றிய செய்தி. அறிவுத்திறன் சோதனையில் மேலே நின்ற பத்து சதவீதத்தினரில் 73 சதவீதம் பேர் 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்போம் என்று ஓட்டுப் போட்டார்கள், கீழே நின்ற பத்து சதவீதத்தினரில் 40 சதவீதம் பேர்தான் அப்படிப் போட்டார்கள் என்று அதில் இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில் நீ எழுதியிருந்தாய்: "விவரம் தெரியாதவன் கையில் நாட்டைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்." அந்த வரி இரண்டு நாளாக என் மனசை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் 2016 ஜூன் 24 காலையில் நானும் இதையேதான் சொன்னேன்.

அந்த ஓட்டு எப்படி நடந்தது என்று உனக்கு நான் எழுதியதே இல்லை. ஜூன் 23, மழை கொட்டிய நாள். வேலை முடிந்து நனைந்துகொண்டே போனேன். பள்ளிக்கூட ஹாலில் மரத்தடுப்பு, நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில், இரண்டே கட்டம் போட்ட ஒரு சீட்டு. ஐக்கிய ராஜ்யம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக இருக்க வேண்டுமா, விலக வேண்டுமா? கேள்வி அவ்வளவுதான். என்னிடம் அப்போது இந்திய பாஸ்போர்ட்தான் இருந்தது. காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் இங்கே குடியிருந்தால் ஓட்டு உண்டு, அதனால் எனக்கு இருந்தது. ஆனால் மாடி வீட்டில் இருந்த போலந்துப் பெண்ணுக்கு இல்லை. பத்து வருஷத்துக்கும் மேல் இங்கே வேலை பார்த்து வரி கட்டியவள், மகனை இங்கேயே பெற்றவள். அவள் இங்கே தங்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் சீட்டு என் கையில் இருந்தது, அவள் கையில் இல்லை. பென்சிலை எடுத்தபோது இது மனசில் உறுத்தியது. "இருப்போம்" என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியும்போது முடிவு தெரிந்துவிட்டது. விலகுவோம் 51.9 சதவீதம், இருப்போம் 48.1. ஹவுன்ஸ்லோவில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி, எங்கள் பக்கம் 51. அப்படியென்றால் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒருவர் விலகுவோம் என்று போட்டிருக்கிறார். அந்த ஆத்திரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, விவரம் தெரியாதவர்கள் நாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் முப்பது வருஷம் லண்டன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்தார். அந்த வருஷம் ஓட்டுக்கு முன்னால் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் அரசாங்கம் அனுப்பியது. ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். "இது உங்கள் முடிவு. நீங்கள் முடிவு செய்வதை அரசு நிறைவேற்றும்." அப்புறம் சொன்னார்: "கேட்டார்கள், பதில் சொன்னேன்."

வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம் என்று சிவப்பு பஸ்ஸில் எழுதி விலகுவோம் பக்கத்தார் ஊர் ஊராகப் போனார்களே, அதை நம்பித்தானே போட்டீர்கள் என்று கேட்டேன். அது ஆளைத் தவறாக நம்பவைக்கும் கணக்கு என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே கண்டித்திருந்தது. அவர் தலையாட்டினார். "பஸ்ஸில் எழுதியிருப்பதை நான் நம்புவேனா? முப்பது வருஷம் அதை ஓட்டியவன் நான்" என்றார். அவர் சொன்ன காரணம் வேறு. எந்தச் சட்டம் எங்கே எழுதப்படுகிறது, அதை எழுதியவனை நான் எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்று நாற்பது வருஷமாக யாரும் அவருக்குச் சொல்லவில்லையாம். அவர் முடிவு தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி முட்டாள் கேட்கிற கேள்வி இல்லை.

சரி, அந்த ஆய்வுக்கு வருகிறேன். நல்ல ஆய்வுதான். 3,183 தம்பதிகள், 6,366 பேர். படிப்பு, வருமானம், வயது எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அறிவுத்திறனை எப்படி அளந்தார்கள் தெரியுமா? வாசித்த சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது, ஏழு ஏழாகக் கழிப்பது, எண் வரிசையில் விட்டுப்போனதை நிரப்புவது, ஒரு நிமிஷத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்பது, வீட்டுக் கணக்கு மாதிரி சில கணக்குகள். இவையெல்லாம் ஒரு திறமையை அளக்கும், நான் மறுக்கவில்லை. பொய் விளம்பரத்தைப் பிரித்துப் பார்க்க அந்தத் திறமை உதவும் என்கிறார்கள், அதையும் ஏற்கிறேன். ஆனால் மேலே நின்றவர்களிலேயே கால்வாசிக்கு மேல் விலகுவோம் பக்கம் இருக்கிறார்களே, சண்முகம். கீழே நின்றவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் உன்னையும் என்னையும் போலத்தானே போட்டிருக்கிறார்கள். இது சராசரிக் கணக்கு, இரண்டு கூட்டமும் பெரிய அளவில் ஒன்றோடொன்று கலந்தே இருக்கின்றன என்று ஆய்வு செய்தவர்களே எச்சரித்திருக்கிறார்கள். உன் பத்திரிகைத் துண்டில் அதைக் காணோம்.

படிப்பு விஷயமும் இப்படித்தான். பட்டதாரிகள் பெரும்பாலும் இருப்போம் என்றார்கள், உண்மை. ஆனால் விலகுவோம் என்றவர்களில் வயசானவர்கள் அதிகம், அவர்கள் காலத்தில் பத்துப் பேரில் ஒருவர்கூடப் பல்கலைக்கழகம் போகவில்லை. அந்தப் பெரியவர் பதினைந்து வயசில் வேலைக்குப் போனவர். அதற்காக அவரை அறிவில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? உன் அப்பா எத்தனாவது வரைக்கும் படித்தார்? என் அப்பா மூன்றாவது. அவர்கள் கையிலிருந்து ஓட்டைப் பிடுங்க நீ சம்மதிப்பாயா?

பயமுறுத்தலில் எங்கள் பக்கமும் குறைவில்லை. விலகினால் உடனே வரியைக் கூட்டி அவசர பட்ஜெட் போட வேண்டிவரும் என்று நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னார். அப்படி ஒரு பட்ஜெட் வரவே இல்லை. நிபுணர்கள் சொல்லிக் கேட்டது போதும் என்று விலகுவோம் பக்கத் தலைவர் மைக்கேல் கோவ் பேசியபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அந்தப் பேச்சு எடுபட்டதற்கு இப்படிப்பட்ட மிரட்டல்களும் ஒரு காரணம்.

நான் உன்னிடம் சொல்ல வந்தது நாடாளுமன்றத்தைப் பற்றி. பழியை நாம் ஓட்டுப் போட்டவன் தலையில் வைக்கிறோம். அது சேர வேண்டிய இடம் அங்கேதான்.

2015-இல் இந்த வாக்கெடுப்புக்கான மசோதா நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான காமன்ஸ் சபைக்கு வந்தபோது இரண்டாம் வாசிப்பில் ஆதரவு 544, எதிர்ப்பு 53. எதிர்த்தவர்கள் அநேகமாக ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்காரர்கள். அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்துப் பார்த்தேன். விலகுவோம் என்று மக்கள் சொன்னால் அடுத்து என்ன என்பதற்கு ஒரு வரி கிடையாது. இதே நாட்டில் 2011-இல் தேர்தல் முறையை மாற்றலாமா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அப்போது சட்டத்திலேயே எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். மக்கள் சரி என்றால் எந்த விதி எப்படி மாறும் என்பது கண்ணெதிரே இருந்தது. மக்கள் வேண்டாம் என்றார்கள், விஷயம் அன்றோடு முடிந்தது. 2016-இல் மட்டும் வெறும் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஐரோப்பாவோடு சுங்கவரி இல்லாமல் சரக்கு போய்வரும் சுங்க ஒன்றியத்தில் இருப்பதா, ஒரே விதிகளோடு வியாபாரம் செய்யும் ஒற்றைச் சந்தையில் இருப்பதா, பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்துக்கும் அயர்லாந்து நாட்டுக்கும் நடுவே உள்ள எல்லையை என்ன செய்வது என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இல்லை. எல்லை விஷயத்தை யாரும் எச்சரிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜான் மேஜரும் டோனி பிளேரும் ஓட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துக்கே சேர்ந்து போய்ச் சொன்னார்கள். எதிரெதிர்க் கட்சி முன்னாள் பிரதமர்கள் இரண்டு பேர். இங்கே லண்டனில் ஒரு நாள் செய்தியாக வந்து போனது.

அப்புறம் நடந்ததைப் பார். பிரதமர் கேமரன் ராஜினாமா செய்தார். அவர் இடத்துக்குத் தெரசா மே வந்தார். நாடாளுமன்றத்தைக் கேட்காமலே விலகல் நோட்டீஸ் கொடுக்கலாம் என்றார். ஜினா மில்லர் என்ற பெண்மணி வழக்குப் போட்டார். 2016 நவம்பர் 3 அன்று, நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் கொடுத்த உரிமையை அமைச்சர்கள் தாங்களாக எடுத்துவிட முடியாது என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மறுநாள் டெய்லி மெயில் அந்த மூவரின் படத்தையும் போட்டு 'மக்களின் எதிரிகள்' என்று தலைப்பு வைத்தது. அந்தப் பத்திரிகையைக் கடையில் பார்த்துவிட்டு நான் வாங்காமல் அப்படியே நின்றேன். பெரியவரும் அதைச் சரியென்று சொல்லவில்லை, அதையும் எழுத வேண்டும். உச்ச நீதிமன்றமும் 8-க்கு 3 என்று அதையே உறுதி செய்தது.

அந்த நாட்களில் எல்லார் வாயிலும் பதினெட்டாம் நூற்றாண்டு எம்.பி. எட்மண்ட் பர்க்தான். 1774-இல், அதுவும் நவம்பர் 3-ஆம் தேதிதான், பிரிஸ்டல் வாக்காளர்களிடம் அவர் பேசியது. உங்கள் பிரதிநிதி உங்களுக்குக் கடன்பட்டிருப்பது உழைப்பு மட்டும் இல்லை, தன் சொந்த மதிப்பீடும்தான், அதை உங்கள் கருத்துக்குப் பலிகொடுத்தால் அவன் துரோகம் செய்தவன் ஆவான் என்றார். எனக்குப் பிடித்த பேச்சு. அதற்கு விலையும் கொடுத்தார். ஆறு வருஷம் கழித்துப் பிரிஸ்டலில் ஆதரவு இல்லை என்று தெரிந்து போட்டியிலிருந்து ஒதுங்கினார். ஆனால் பர்க்கை மேற்கோள் காட்டிய எம்.பி.க்களில் பெரும்பாலோர் 2015-இல் அந்த மதிப்பீட்டைத் தாங்களே மூட்டை கட்டி மக்களிடம் கொடுத்தவர்கள். 2017 பிப்ரவரி 1 அன்று நோட்டீஸ் மசோதாவின் இரண்டாம் வாசிப்பில் 498 பேர் ஆதரவு, 114 பேர் எதிர்ப்பு. எங்கே போகிறோம் என்ற திட்டம் யார் கையிலும் இல்லை. ஆளுங்கட்சியில் எதிர்த்துப் போட்டவர் கென் கிளார்க் ஒருவர்தான். நெஞ்சுக்குச் சரியென்று பட்டதைச் செய்த அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

2019-ஐ மறக்கவே முடியாது. பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் ஜனவரியில் 432-க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றது. மார்ச் 27 இரவு சபையே பொறுப்பை எடுத்துக்கொண்டு எட்டு வழிகளை ஒரே நேரத்தில் ஓட்டுக்கு விட்டது. வழக்கமாக லாபி வழியே நடந்து ஓட்டுப் போடுகிறவர்கள் அன்று காகிதத்தில் குறித்துக் கொடுத்தார்கள். கமலா தோசை வார்க்க, நான் டிவி முன்னால் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டும் தோற்றன. ஒன்றுக்குக்கூடப் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் 1 அன்று நான்கை மட்டும் வைத்து மறுபடி பார்த்தார்கள். சுங்க ஒன்றியத்தில் இருப்பது என்ற வழி மூன்றே ஓட்டில் போயிற்று, 273-க்கு 276.

யோசித்துப் பார். உதவியாளர், நூலகம், அதிகாரிகள், ரகசிய அறிக்கை என்று எல்லா வசதியும் உள்ள அறுநூறுக்கு மேற்பட்டவர்கள், மூன்று வருஷம் வாதாடிய பிறகு, விலகுவது என்றால் என்ன என்பதற்கு ஒரு பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பதில் தெரியாமல் மழையில் நனைந்து வந்து ஒரு கட்டத்தில் குறி போட்ட பஸ் டிரைவரை நாம் முட்டாள் என்கிறோம். அன்று இரவு பேனாவை மூடி வைத்தபோதுதான், வேலியோரம் நான் பேசியது எவ்வளவு தப்பு என்று புரிந்தது. மறுநாளே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தார்.

வாக்கெடுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. சபை முதலில் தன் வேலையைச் செய்யட்டும். விலகுவது என்றால் இன்னது என்று வாதாடி, எழுதி, அதை மக்கள் முன்னால் வைத்து ஆமாவா இல்லையா என்று கேட்கட்டும். அப்படிக் கேட்டிருந்தால் பெரியவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாதாம், நானே கேட்டேன்.

அதே வருஷம் மாடி வீட்டுப் பெண் ஒரு நாள் எங்கள் கதவைத் தட்டினாள். தொடர்ந்து இங்கே இருக்க அவளைப் போன்ற ஐரோப்பியர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் செயலி ஐபோனில் அப்போது வேலை செய்யவில்லை, என்னிடம்தான் ஆண்ட்ராய்டு இருந்தது. சமையலறை மேஜையில் அவள் பாஸ்போர்ட்டை விரித்து வைத்து, அதன்மேல் என் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். இரண்டு முறை படிக்கவில்லை. கவரைக் கழற்றிவிட்டு வைத்ததும் படித்தது. முகத்தைக் காட்டச் சொன்னபோது அவள் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்தாள், பள்ளிக்கூடப் போட்டோவுக்கு உட்கார்வது போல. அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. மகனோடு கேக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பெரியவர் இப்போது நடமாட்டம் குறைந்து முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். உன் பத்திரிகைத் துண்டை எடுத்துக்கொண்டுபோய் படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். கமலா வேண்டாம் என்கிறாள். எனக்கென்னவோ அவர் முழுசாகக் கேட்டுவிட்டு நல்ல பதில் ஒன்று சொல்வார் என்று தோன்றுகிறது. சொன்னால் உனக்கு எழுதுகிறேன்.

தை மாதம் ஊருக்கு வருகிறோம். இரண்டு கிலோ காபிப் பொடி சொல்லி வை, சிக்கரி கம்மியாக.

அன்புடன்,
கணேசன்