கரகரக்காத வால்யூம்

கொழிஞ்சாம்பாறை, கேரளா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டிவலி குறைந்ததா? நான் எழுதத் தாமதித்ததற்குக் காரணம் பேத்தி. பள்ளி சாஸ்திர மேளாவுக்கு, அதாவது அறிவியல் கண்காட்சிக்கு, ஏதாவது செய்து தா என்று கடைக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் எல்இடி பிரகாசமாகவும், தள்ளினால் மங்கலாகவும் எரிய வேண்டும். இதுதான் அவள் கேட்டது.

முதலில் பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டாருக்குள் இருந்த ஹால் சென்சாரை, அதுதான் காந்தத்தை உணரும் சின்ன மூன்று கால் சில்லு, எடுத்துப் போட்டேன். காந்தம் காட்டினதும் பளிச்சென்று எரிந்தது. காந்தத்தை எடுத்த பிறகும் அணையவில்லை! திருப்பி மறுமுனையைக் காட்டினால்தான் அணைந்தது. அது வெறும் சுவிட்ச் ஜாதி, நடுவில் ஒன்றும் கிடையாது. அரை நாள் அதிலேயே போயிற்று.

அப்புறம்தான் அதே வண்டியின் ஆக்ஸிலேட்டர் பிடி ஞாபகம் வந்தது. அதற்குள் இருந்தது 49ஈ என்ற வேறு ஜாதி ஹால் சென்சார், காந்தத்தின் வலுவுக்கு ஏற்ப வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும். எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடது கால் பிளஸ், நடுக்கால் மைனஸ், வலது கால் அவுட்புட். 5 வோல்ட் கொடுத்து அவுட்புட்டில் மீட்டர் வைத்தேன், காந்தமே இல்லாமல் 2.5 நின்றது. தென்முனையைக் காட்டினால் மெல்ல 4-ஐத் தாண்டுகிறது, வடமுனைக்கு 1 பக்கம் இறங்குகிறது. 9 வோல்ட் பேட்டரியை மட்டும் நேரே கொடுத்துவிடாதே, 6.5-க்கு மேல் தாங்காது. நான் பழைய போன் சார்ஜரில் ஓட்டுகிறேன்.

சென்சாரால் எல்இடியைத் தனியாக எரிக்க முடியாது. அவுட்புட்டை பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்குக் கொடுத்து, கலெக்டரை 5 வோல்ட்டில் சேர்த்து, எமிட்டரிலிருந்து 100 ஓம், சிவப்பு எல்இடி, மைனஸ். அவ்வளவுதான். காந்தம் இல்லாதபோது எரிந்தும் எரியாமலும் ஒரு புள்ளி. வெள்ளை எல்இடி போட்டால் சரியாக எரியாது, அது 3 வோல்ட் கேட்கும்.

ஆனால் பேத்திக்குத் திருப்தி இல்லை. மூன்று விரல் தூரம்வரை ஒன்றுமில்லை, கடைசி ஒரு விரலில் எல்லா வெளிச்சமும் வந்துவிடுகிறது என்றாள். உண்மைதான். தூரம் இரட்டித்தால் காந்த வலு ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். சின்னக் காந்தம் இரண்டை, ஒன்றின் தென்முனையும் மற்றதின் வடமுனையும் சென்சாரைப் பார்க்கும்படி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, குறுக்கே நகர்த்தினேன். ரேடியோவில் வால்யூம் திருப்பினாற்போல வெளிச்சம் சீராக ஏறி, சீராக இறங்கியது.

முருகேசா, அதைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான். எத்தனை ரேடியோ வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றிக் கார்பன் தடத்தைத் துடைத்திருப்போம்! இரண்டு மாதத்தில் மறுபடி கரகரவென்று திரும்பி வரும். இதில் ஒன்றோடொன்று தொடவே இல்லை, பிறகு எது தேயும்? 1879-ல் எட்வின் ஹால் மாணவராக இருந்தபோது மெல்லிய தங்க இதழில் கண்ட விஷயம் இது. நாம் தொழில் கற்ற காலத்தில் இது கையில் கிடைத்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மேளாவில் ஜட்ஜுகளுக்கு மலையாளத்தில் சொல்ல வேண்டுமே என்று பேத்தி பயந்தாள். காந்தம், வெளிச்சம் இரண்டும் அங்கேயும் அதே சொல்தான், தைரியமாகப் போ என்றேன்.

ஞாயிறு காலை கோபாலபுரம் வழி பஸ்ஸில் பொள்ளாச்சி வருகிறேன். சென்சார் இன்னொன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன். உன் பரணில் உடைந்த ஸ்பீக்கர் கிடந்தால் காந்தத்தைக் கழற்றி வை.

அன்புடன்,
ராசு