வேலைக்காரரா, அடிமைகளா? போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆராதனையில் 1 பேதுரு 2:18 வாசிக்கப்பட்டது. ‘வேலைக்காரரே’ என்று தொடங்கி, முரட்டுக்குணமுள்ள எஜமானுக்கும் கீழ்ப்படியச் சொல்லும் வசனம். வேலைக்குப் போகிறவர்களின் கடமை இது என்று பிரசங்கியார் விளக்கினார். எனக்கு முன்வரிசையில் வீட்டுவேலை செய்யும் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். வேதாகமத்தை மூடி மடியில் வைத்தவர், அப்புறம் திறக்கவே இல்லை. அதை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வசனம் சம்பளம் வாங்குகிறவர்களிடம் பேசவில்லை. ரோமப் பேரரசில் இன்னொருவருக்கு உடைமையாக இருந்த வீட்டு அடிமைகளிடம் பேசுகிறது. இதேபோல் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5, கொலோசெயர் 3:22 இரண்டிலும் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘தூலோஸ்’, அதாவது அடிமை. கலாத்தியர் 3:28-லும் அதே சொல்தான். நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கே ‘அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை’ என்கிறது. கீழ்ப்படியச் சொல்லும் இடம் வந்தால் ‘வேலைக்காரர்’ என்று மாற்றிக்கொள்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் சொல்லப்பட்டவை என்பது நமக்குத் தெரியாமலே போகிறது.

ஒநேசிமுவைப் பாருங்கள். தன் எஜமான் பிலேமோனைவிட்டுப் பிரிந்துபோன அடிமை. இனி அவனை அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள்ளும் என்று பவுல் பிலேமோனுக்கு நிருபம் எழுதுகிறார். அவன் பட்ட கடன் இருந்தால் என் கணக்கில் வையும் என்று தன் சொந்தக் கையாலே எழுதிக் கொடுக்கிறார். ஆனால் ‘விடுதலை செய்’ என்று ஒரு வரிகூட நேராக இல்லை. கொலோசெ சபைக்கு வந்த நிருபமோ அதே ஒநேசிமுவைச் சகோதரன் என்று அழைத்து, பவுலின் உடன் ஊழியன் தீகிக்குவோடு அனுப்பிவைக்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் அடிமைகள் எல்லாவற்றிலும் கீழ்ப்படிய வேண்டும் என்றும் இருக்கிறது. அது சபையில் வாசிக்கப்பட்டபோது ஒநேசிமு எங்கே நின்றிருப்பான்? யார் முகத்தைப் பார்த்திருப்பான்?

1 தீமோத்தேயு 6:2 இன்னும் வெளிப்படையானது. எஜமான் சகோதரன் என்பதற்காக அவரை அசட்டை பண்ணாதே என்கிறது. சகோதரன் என்ற சொல்லை அடிமைகள் நிஜமாகவே நம்பியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இப்படி ஓர் அறிவுரை எதற்கு?

நான்காம் நூற்றாண்டில் அடிமையைத் தன் எஜமானை மதிக்காதபடி தூண்டிவிடுகிறவர்களைக் கங்க்ரா என்ற ஊரில் கூடிய ஆயர்களின் சங்கம் சபித்தது. அதே நூற்றாண்டில்தான் நிசாவின் கிரகோரி என்ற ஆயர், பிரசங்கி புத்தகத்தை விளக்கும்போது, மனிதனில் இருக்கும் தேவசாயலுக்கு என்ன விலை கொடுத்தாய் என்று எஜமான்களைக் கேட்டார். இரண்டு குரலும் நம் சபையின் குரல்தான். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைக்காதீர்கள்.

பிலேமோன் மொத்தமே 25 வசனம். ஒரு ஞாயிறு அதை முழுவதும் வாசியுங்கள், கூடவே கொலோசெயர் 3, 4 அதிகாரங்களையும். ‘வேலைக்காரர்’ வரும் இடத்தில் நிறுத்தி, மூலத்தில் இருப்பது அடிமை என்று சொல்லுங்கள். அந்த அக்கா இன்னும் வருகிறார். அவர் இருக்கும்போதே சொல்லுங்கள்.

அன்புடன்,
சபையாரில் ஒருவன்