சுட்டால் ஆர் கட்டுறது?

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

மச்சான்,

உன்ர கடிதம் வந்து கனநாள். சாட்டுச் சொல்லேல்லை, சொன்னாலும் நீ நம்பமாட்டாய். வீட்டில எல்லாரும் சுகம். மாஸ்டருக்குக் கண் ஒப்பரேஷன் சரிவந்திட்டுது, திரும்பவும் பேப்பரில எழுத்துப்பிழை பிடிக்கத் தொடங்கிட்டார். கட்டையன் காணி வழக்கை இன்னும் விடேல்லை, விடவும் மாட்டான். சோளகம் பிடிச்சுப் புழுதி அள்ளுது. இனி விசயத்துக்கு வாறன்.

நீ அனுப்பின திட்ட வரைவை முழுக்கப் படிச்சன். சோமாலியாவில ஒரு மாவட்டத்துக்கு உள்ளூர்ப் பொலிஸ். சீருடை இருக்கு, வாகனம் இருக்கு, ஆறு கிழமைப் பயிற்சி இருக்கு, மனித உரிமைக்கு ரெண்டு நாள் வேற. முகப்பில தடிச்ச எழுத்தில "குல விசுவாசத்தைக் கடந்த பொலிஸ்" எண்டு போட்டிருக்கு. உதை எழுதினது நீயோ, உன்ர மேலிடமோ? நீ எண்டால் நைரோபிக் கோப்பி தலைக்கேறிட்டுது எண்டு அர்த்தம்.

எனக்கு ஒரு கேள்விதான். உன்ர பொலிஸ்காரன் சோதனைச் சாவடியில ஒருத்தனைச் சுட்டுப்போட்டால் செத்தவன்ர ஆக்களுக்கு இரத்தப்பணம் ஆர் கட்டுறது? நாப்பது பக்கத்திலயும் தேடிப்பார்.

உனக்குத் தெரிஞ்ச சங்கதிதான், உன்ர வரைவுக்குத்தான் தெரியேல்லை. ஆம்பிளை செத்தால் நூறு ஒட்டகம், பொம்பிளை எண்டால் அம்பது: இது பழைய கணக்கு. இடத்துக்கிடம் மாறும், பட்டினத்தில காசாய்ப் போகும். கொன்றவன் தனிய கட்டுறேல்லை, அவன்ர "மக்" கூட்டம், இரத்தப்பணத்தைச் சேத்துக் கட்டுற சொந்தக்காரக் கூட்டம், கட்டும். கூட்டமெண்டால் சில நூறிலயிருந்து சில ஆயிரம் ஆம்பிளையள் வரைக்கும் இருப்பினம். ஆர் எவ்வளவு போடவேணும், எந்தக் காயத்துக்கு என்ன எண்டதெல்லாம் முதலே பேசி வைச்ச உடன்படிக்கை. எங்கட தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல ஏட்டில ஏத்தினமாதிரி, சோமாலியாவின்ர வடக்கில பிரிட்டிஷ்காரரும் இந்த உடன்படிக்கையளை எழுத்தில வாங்கி மாவட்டக் கந்தோரில வைச்சிருந்தவை. சோமாலியாவை ஆண்ட சியாத் பாரே 1970களில மக் முறையைத் தடை செய்தார், குலத்தின்ர கொடும்பாவியையும் எரிப்பிச்சார். பேந்து அதே ஆள் தன்ர ஆட்சியை மரேஹான், ஓகடேன், துல்பஹாந்தே எண்ட மூண்டு குலத்தின்ர தோளில ஏத்தி வைச்சார். 1991 தையில அவர் தலைநகர் மொகதிசுவை விட்டு ஓடேக்க தேசிய ஆமி எண்டு ஒண்டு மிஞ்சேல்லை. ஆளாள் துவக்கோட தன்ர ஆக்களிட்டப் போய்ச் சேந்திட்டான்.

அப்ப யோசி. உன்ர பெடியன் சுட்டிட்டான். செத்தவன்ர ஆக்கள் சீருடையைப் பாக்கமாட்டினம், சுட்டவன் ஆற்றை மகன் எண்டுதான் பாப்பினம். கணக்கு அவன்ர கூட்டத்துக்குப் போகும். அந்தக் கூட்டத்தை நீ ஒரு சொல்லும் கேக்கேல்லை. இது பெடியனுக்கு முதல் நாளே தெரியும். அதால அவன் சுடமாட்டான், லொறியை மறிக்கவும் மாட்டான், "போ" எண்டு கையைக் காட்டுவான். நீ உதைத் "தொழில்முறைத் திறன் குறைபாடு" எண்டு எழுதி இன்னும் ரெண்டு கிழமை பயிற்சி குடுப்பாய்! அவனுக்குத் திறன் நல்லாயிருக்கு மச்சான், தன்ர சித்தப்பன்ர ஒட்டகத்தைக் காப்பாத்துறான்.

விளப்பமான பொறுப்பதிகாரியள் வேற வழியில செய்யினம். ஒருத்தனைப் பிடிக்கவேணுமெண்டால் அவன்ர கிளைப் பொலிஸ்காரனையே முன்னுக்கு அனுப்புவினம், இல்லாட்டி மூத்தாக்களிட்டச் சொல்லி ஆளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் செய்வினம். நீ பக்கச்சார்பு எண்டு எழுதியிருக்கிறது அங்க பிணை.

செய்யவேண்டியதைச் சொல்லுறன், எழுதிக்கொள். முதல் ஆளைச் சேர்க்க முந்தி, மாவட்டத்தில இருக்கிற ஒவ்வொரு மக் கூட்டத்தின்ர மூத்தாக்களையும் ஒண்டா இருத்தி ஒரு உடன்படிக்கை எழுதவேணும். கடமையில, கட்டளைக்குக் கீழ சுட்டால் அரசாங்கம் கட்டும். கட்டளையை மீறிச் சுட்டால், இல்லாட்டி கடமைக்கு வெளியில சுட்டால் அவன்ர கூட்டம் கட்டும், அவன் கோட்டுக்கும் போவான். எது எந்த வகை எண்டு சொல்லுறது ஆர், எத்தினை நாளுக்குள்ள எண்டதும் அதில இருக்கவேணும். ஏழு நாளுக்கு மேல இழுக்கவிடாதை. செத்தவீட்டுச் சனம் கலைய முந்தி ஒரு வார்த்தை வராட்டி இளம்பெடியள் பழிக்கு வெளிக்கிட்டிடுவாங்கள். காசை மாவட்ட நிர்வாகத்திலயிருந்து ஒருத்தர், மூத்தாக்களில ஒருத்தர், வெளியார் ஒருத்தர் எண்டு மூண்டு கையெழுத்தில வை.

இது பிழையாய்ப் போற இடமும் இருக்கு. நிதி இருக்கெண்டு தெரிஞ்ச உடன விலை ஏறும், பழைய சாவுகளுக்கும் கோரிக்கை வரும். அதால தொகையையும், உடன்படிக்கைக்கு முந்தின சாவு இதுக்குள்ள வராது எண்டதையும் முதலே எழுதிப்போடு. மற்றப் பிழை இதைவிட மோசம்: கட்டியாச்சுத்தானே எண்டு சுட்டவன் அடுத்த நாளே அதே சாவடியில நிப்பான். அவனை மாவட்டத்தை விட்டே எடு.

மூத்தாக்கள் எண்டவுடன இன்னொண்டு. உன்ர பின்னிணைப்பில இருக்கிற பேருகளில எத்தினை உண்மை? வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கினாப்பிறகு பட்டமும் கைத்தடியும் கனக்க முளைச்சிட்டுது. சோதிக்கிறது சுகம். இந்தக் கூட்டம் கடைசியா மக் கட்டினது எப்ப, காசைச் சேத்தது ஆர், ஆற்றை சொல்லைக் கேட்டு மற்றவை குடுத்தவை எண்டு விசாரி. கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையோட முதல் ஆளா வாறவர் அனேகமா அந்த ஆள் இல்லை. (எங்கட சங்கத் தலைவரை நினைச்சுக்கொள்.)

ஆள் பதிவேட்டில "குலம்: ஹவியே" எண்டு எழுதினால் ஒண்டும் எழுதாததுக்குச் சமன். 2000 இல ஜிபூத்தி ஆர்த்தாவில நடந்த சமாதான மாநாட்டில போட்ட நாலரைக் கணக்கு, தாரூத், ஹவியே, திர், திகில்-மிரிஃப்லே நாலுக்கும் ஒவ்வொரு பங்கும் மிச்ச ஆக்கள் எல்லாருக்கும் சேத்து அரைப் பங்கும், பாராளுமன்றக் கதிரை பிரிக்கத்தான் உதவும். சாவடியில அடிபடுறது அனேகமா ஒரே குலத்துக்குள்ள ரெண்டு கிளை, ஒரு கிணத்துக்காகவோ மேய்ச்சல் தரைக்காகவோ. அதால மக் கூட்டத்தின்ர பேர், தாயின்ர ஆக்கள், பிணை நிக்கிற மூத்தவர், துவக்கு இலக்கம், துவக்கு ஆருடையது எண்ட நிரல்களைப் போடு. தாயின்ர ஆக்களை விட்டிடாதை: கிளைக்கும் கிளைக்கும் சண்டை மூண்டால் தூது போகக்கூடியவன் மற்றப் பக்கத்தில மாமன்மார் இருக்கிறவன்தான். துவக்கும் அனேகமா பெடியன்ர இல்லை, கூட்டம் காசு போட்டு வாங்கினது. அதை நீ களஞ்சியத்தில பூட்டினால் பக்கத்துக் கூட்டத்தின்ரயையும் அண்டைக்கே பூட்டவேணும். ஒரு நாள் பிந்தினாலும் ஒரு பகுதியை வெறுங்கையோட விட்டிருக்கிறாய். ஆரின்ர ஆக்கள் எண்டு நேரா முகத்துக்குக் கேட்டுத் திரியாதை. "எவ்விடம்?" எண்டு கேட்டே எல்லாம் அறியிற ஊரில வளந்தனி, உனக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை.

கலப்புச் சாவடி நல்ல யோசனை, ஆனா நீ போட்ட கலப்புச் சரிவராது. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு கூட்டம் எண்டால் கடதாசியில வடிவு. ராவில தனிச்சு நிக்கிறவன் கண் மூடமாட்டான், கொஞ்ச நாளில வீட்டை போயிடுவான். மூண்டு நாலு பேராச் சேத்துப் போடு. பொறுப்பதிகாரி ஒரு கூட்டம், உதவி இன்னொரு கூட்டம், களஞ்சியத் திறப்பு மூண்டாவது கூட்டத்தின்ர கையில. சம்பளம் ஈவிசி பிளஸ் எண்ட ஃபோன் காசு முறையில நேரா அவனவன்ர ஃபோனுக்குப் போகவேணும். அதிகாரியின்ர கையால போனால் வெட்டும் விழும், இல்லாத ஆக்களின்ர பேரும் பட்டியலில ஏறும்.

ஏற்கெனவே இருக்கிற குலப்படையை உடைக்காமல் அப்பிடியே எடுத்துச் சீருடை போடுற வேலைக்குக் கையெழுத்து வைக்காதை. 2021 சித்திரையில அப்பத்தைய சோமாலியச் சனாதிபதி ஃபர்மாஜோ தன்ர பதவிக்காலத்தை ரெண்டு வருசம் நீட்டப் பாக்கேக்க என்ன நடந்தது? போர்முனையில அல்-ஷபாப் எண்ட இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவுக்கு எதிரா நிண்ட அணியள் சில கழண்டு வந்து மொகதிசுவில தங்கட தங்கட ஆக்களின்ர பகுதியளில நிலையெடுத்ததுகள். கடைசியில அவர் பின்வாங்கினார். தென் சூடானில 2006 ஜூபா உடன்பாட்டோட எதிர்ப்படையளை முழுசு முழுசா உள்ள எடுத்து, 2013 மார்கழி 15 இல சனாதிபதியின்ர மெய்க்காவல் படையே டிங்கா, நூவர் எண்டு இனத்தால ரெண்டாப் பிளந்து அடிபட்டுது. அமெரிக்கர் பயிற்சி குடுத்த, தனாப் எண்ட சோமாலியச் சிறப்புப் படையில ஆளாள் பாத்து, பல குலத்திலயிருந்தும் எடுத்தவை. அது நிண்டு பிடிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா அந்தச் செலவில மாவட்டப் பொலிஸ் நடத்தேலாது.

உள்ளூர்ப் படையே வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. 2022 இல சோமாலியாவின்ர ஹீரான் பகுதியில ஹவாத்லே குலத்துப் பெடியள், சாரத்தைக் கட்டிக்கொண்டு நிண்டதால மஅவீஸ்லே எண்டு பேர் எடுத்தவங்கள், அல்-ஷபாபைத் துரத்தின வேகம் ஆமிக்கு வருசக் கணக்கில வராத வேகம். தங்கட ஊர், தங்கட கிணறு. அந்த மார்கழியில அல்-ஷபாப் வைச்சிருந்த ஆதன் யபால் பட்டினமும் விழுந்துது. பேந்து, தங்கட எல்லை தாண்டினாப்பிறகு அடுத்தவன்ர மண்ணுக்கு ஏன் சாகவேணும் எண்ட கேள்வி வந்துது. அடுத்தவனும் இவங்களை விடுதலையாக்க வந்தவங்களாப் பாக்கேல்லை, நிலம் பிடிக்க வந்தவங்களாப் பாத்தான். அல்-ஷபாப் அந்த இடைவெளியில புகுந்து கிளை கிளையாத் தனித்தனி ஒப்பந்தம் பேசும், அதில அவங்கள் வலு கெட்டிக்காரர். ஆதன் யபால் 2025 சித்திரையில திரும்ப அவங்களின்ர கைக்குப் போச்சுது. ஒரு கூட்டத்துக்குத் துவக்குக் குடுக்கிறதெண்டால் முதல் பக்கத்துக் கூட்டத்தோட இருந்து கதை.

ஆப்கானிஸ்தானில கந்தஹார்ப் பக்கம் ஸ்பின் போல்தக்கிலயும் உதுதான். எல்லைப் பொலிஸ் அச்சக்ஸாய்க் குலத்து ராஸிக்கின்ர கையில, வீதி அமைதி, அமெரிக்கருக்குப் பரம சந்தோசம். ஓரங்கட்டின நூர்ஸாய்க் குலத்துக்குள்ள ஆள் எடுக்கத் தலிபானுக்குக் கஷ்டமே இருக்கேல்லை. அங்க பக்தியா மாகாணத்தில அர்பக்கி எண்டு ஒரு ஊர்க்காவல் முறை நல்லா ஓடினது. ஜிர்கா எண்ட மூத்தாக்களின்ர சபை கூடி ஆளைத் தெரிவுசெய்யும், இனமே செலவைப் பாக்கும், தங்கட எல்லைக்குள்ள, வேலை முடியக் கலைஞ்சிடும். அந்த மாதிரியைப் பாத்து 2010 இல ஆப்கான் உள்ளூர்ப் பொலிஸ் எண்டு நாடு முழுக்க நட்டினம். ஜிர்காவின்ர சொல் எடுபடாத இடங்களில அது சண்டியரின்ர சம்பளப் பட்டியலாப் போச்சு.

உன்ர நிதி பதினெட்டு மாசத்துக்கு எண்டு கண்டன். ஈராக்கின்ர அன்பார் மாகாணத்தை ஞாபகம் வைச்சுக்கொள். 2006 புரட்டாதியில ஷேக் சத்தார் அபூ ரிஷா அல்-கைதாவுக்கு எதிராத் தொடக்கின குலப்படை, "ஈராக்கின் மைந்தர்" எண்டு வளந்து உச்சத்தில ஒரு லட்சமளவு பேர், அமெரிக்கர் குடுத்த சம்பளம் மாசம் 300 டொலர். 2008 ஐப்பசியிலயிருந்து சம்பளப் பட்டியல் ஈராக்கின்ர மாலிகி அரசாங்கத்தின்ர கைக்கு மாறத் தொடங்கிச்சு. அஞ்சில ஒரு பங்கை ஆமி பொலிசில எடுக்கிறம் எண்டது இழுபட்டுது, சம்பளம் பிந்திச்சுது, சிலரைப் பிடிச்சு உள்ள போட்டினம். 2014 இல ஐஎஸ் வரேக்க அல்பு நிம்ர் குலத்துச் சனம் எதிர்த்து நிண்டு, உதவி வந்து சேராமல், நூற்றுக்கணக்கில கொலையாச்சுது. பட்டியலில பேர் எழுதுறது அந்த ஆளை எதிரிக்கும் எழுதிக் காட்டுறதுதான். பத்தொம்பதாவது மாசம் என்ன எண்டதை முதல் பக்கத்தில போடு.

"சோமாலிலாந்து செய்து காட்டேல்லையோ?" எண்டு கேப்பாய். செய்தது. வடக்கில தனி நாடெண்டு அறிவிச்சுப் பிரிஞ்ச பகுதி அது. 1993 இல பொரமா பட்டினத்தில மூத்தாக்கள் மாசக்கணக்கில இருந்து, அந்தந்தப் பகுதிக்கு அந்தந்த ஆக்கள் பொறுப்பு எண்டு எழுதி, படையளையும் மெல்ல மெல்ல உள்ள எடுத்தினம். ஆனா துல்பஹாந்தே சனம் இருக்கிற லாஸ் அனோத் பட்டினத்தைப் பார். 2022 மார்கழியில அரசியல்வாதி ஒருத்தரின்ர கொலையில ஆர்ப்பாட்டம், படையள் சுட்டு ஆக்கள் செத்தினம், மாசியில சண்டை, 2023 ஆவணியில சோமாலிலாந்துப் படை துரத்துப்பட்டுது. துல்பஹாந்தே சனம் அண்டைக்கு அரசாங்கத்தின்ர சூடாய் அதைப் பாக்கேல்லை. சோமாலிலாந்தில பெரும்பான்மையான இஸாக் குலம் சுட்டதெண்டுதான் பாத்துது.

இனி எனக்கு உண்மையாப் பயமான விசயம். ஆத்தங்கரைகளில கமம் செய்யிற பாண்டு சனம், கபோயே எண்டு தொழிலால ஒதுக்கி வைச்ச கொல்லர், தோல் வேலைக்காரர்: இவைக்கு மக் கேட்டு வாங்கப் பலமில்லை. இவையில ஒருத்தனை உன்ர பொலிஸ் சுட்டால் கேக்க ஆளில்லை. அதால சுடுறது மலிவு. உந்த மாதிரி அமைப்பு எப்பிடி வேலை செய்யும் எண்டு உனக்கும் எனக்கும் ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அல்-ஷபாபின்ர நீதிமன்றங்களுக்கு மொகதிசுவிலயிருந்தே சனம் காணி வழக்கோட போறதுக்கு, தீர்ப்பில குலத்தைக் குறைவாப் பாக்கினம், குடுத்த தீர்ப்பை நிறைவேற்றியும் வைக்கினம் எண்டதுதான் காரணம். உன்ர உடன்படிக்கையில தொகை ஆருக்கும் ஒண்டா இருக்கவேணும். பொம்பிளைக்குப் பாதி எண்டதையும் அரசாங்கம் கட்டுற பக்கத்தில ஏத்துக்கொள்ளாதை. மூத்தாக்கள் முறுகுவினம். அரசாங்கக் காசு எண்டதால கடைசியில கையெழுத்து வைப்பினம். கூட்டம் கட்டுற பக்கத்தில உன்னால ஒண்டும் செய்யேலாது, அதில மினக்கெடாதை.

திருத்தின வரைவு மேலிடத்துக்குப் போக முந்தி, பதிவேட்டுப் படிவத்தையும் உடன்படிக்கை வாசகத்தையும் மட்டும் எனக்கு அனுப்பு, ஆக்களின்ர பேர் வேண்டாம். அந்த "கடந்த"வை முகப்பிலயிருந்து எடுத்துப்போட்டு அனுப்பு. தங்கச்சி குடுத்துவிட்ட தூள் வந்து சேந்ததோ எண்டும் எழுது, அவள் நாளுக்கு மூண்டு தரம் என்னைக் கேக்கிறாள்.

அன்புடன்,
நெட்டை