பொமரேனியன் குட்டி எடுத்து விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டிலேயே பொமரேனியன் குட்டி எடுத்து விற்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

செந்தூலில் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடை வைத்திருக்கிறேன். உங்களில் சிலர் என் வாடிக்கையாளர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கோபம் வந்தால் கடைக்கே வந்து திட்டுங்கள்.

"ஒரு பொட்டை இருந்தா போதும்க்கா, வருஷத்துக்கு ரெண்டு தடவை காசு" என்று என் மேசைக்கு முன்னால் நின்றே ஒருவர் சொன்னார். அந்தக் கணக்கு உதைக்கிறது. ஏன் என்பதற்கு இந்த நாயின் பூர்வீகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பொமரேனியா என்பது பால்டிக் கடலின் தென்கரைப் பகுதி. இன்று அதில் பெரும்பங்கு போலந்தில், மிச்சம் ஜெர்மனியில். 1767இல் இங்கிலாந்து ராணி சார்லட் வரவழைத்த பொமரேனியன்கள் மடியில் வைத்துக் கொஞ்சும் அளவு இல்லை. அந்தக் கால ஓவியங்களில் நல்ல வளர்ந்த நாயாகவே தெரிகின்றன. 1888இல் விக்டோரியா மகாராணி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மார்கோ என்ற சிறிய நாயை வாங்கினார். அதுவே ஐந்தரைக் கிலோ அளவில் இருந்தது. மகாராணி வைத்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா? சின்னதோடு சின்னதைச் சேர்த்துச் சேர்த்து உருவத்தைக் குறைத்தார்கள். இன்று அமெரிக்க நாய்ச் சங்கத்தின் அளவுகோல்படி ஒன்றரை முதல் மூன்று கிலோ சொச்சம்தான். குளிருக்கான இரட்டை ரோமம் மட்டும் குறையவில்லை. அதைச் செராஸ் அடுக்குமாடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஏர்கான் போடுகிறோம், அது வேறு கதை.

உடம்பு சுருங்கியதற்கு விலை பிரசவத்தில் தெரியும். தாயின் இடுப்பு குறுகல், குட்டியின் தலையோ உருண்டை. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று குட்டிகள். ஒற்றைக் குட்டி என்றால் இன்னும் மோசம்: உள்ளேயே பெரிதாகிவிடும், சில சமயம் வலியே வராது. அப்புறம் நடுராத்திரியில் கிளினிக் தேடி சிசேரியன். ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டாமல் பில் வந்தால் அதிர்ஷ்டம்.

அதற்கு முன்னாலேயே செலவு ஆரம்பித்துவிடுகிறது. பெற்றோர் இரண்டுக்கும் முட்டிச் சில்லு விலகுகிறதா என்று பார்க்க வேண்டும், இந்த இனத்தில் அது சர்வசாதாரணம். மேட்டிங் (இணை சேர்க்கும்) நாளைக் கணிக்க புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை, அதுவும் ஒரு தடவையில் முடியாது. ஆண் நாய்க்காரருக்குக் கட்டணம் அல்லது ஒரு குட்டி. ஸ்கேன். சினையாகி 55ஆம் நாள் கழித்து, குட்டிகளின் தலைகளை எண்ண ஓர் எக்ஸ்ரே. குட்டி போட்ட பிறகு தாய்க்குச் சுண்ணாம்புச்சத்து இறங்கி நடுக்கம் வந்தால் மறுபடி கிளினிக். இதையெல்லாம் செய்து எண்ணூறு வெள்ளிக்கு ஒரு குட்டியை விற்க முடியாது. விற்கிறீர்கள் என்றால், எதைச் செய்யாமல் விட்டீர்கள்?

அண்மையில் ஒரு வெள்ளைப் பொட்டை என் மேசைக்கு வந்தது. சிக்கு பிடித்திருந்த வயிற்று முடியை வழித்தால், ஒரு தையல் தழும்பின் பக்கத்திலேயே இன்னொரு தழும்பு. முன்பற்கள் பாதி இல்லை. வயது நான்கு என்றார் கொண்டு வந்தவர். அடுத்த மேட்டிங்குக்கு முன்னால் "கொஞ்சம் அழகா" வெட்டிவிடச் சொன்னார்.

தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் அளவு என்று சொல்லி 'டீகப்' என்று கூவி விற்பதையும் நிறுத்துங்கள். எந்த நாய்ச் சங்கத்திலும் அப்படி ஒரு வகை கிடையாது. அதில் பல, ஈற்றில் நோஞ்சானாய்ப் போன குட்டிகள். உச்சந்தலை எலும்பு மூடாமல் இருக்கும், ஒருவேளை தீனி தவறினாலே சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். வாங்கியவர் பதறிப்போய் எனக்குத்தான் போன் போடுகிறார்.

நான் கேட்பது இதுதான். சிசேரியனுக்கான காசைத் தனியாக எடுத்து வைக்காமல் மேட்டிங் போடாதீர்கள். இரண்டு கிலோகூட இல்லாத பொட்டையைச் சினைக்கு விடாதீர்கள். எட்டு வாரம் ஆகுமுன் குட்டியைப் பிரிக்காதீர்கள். வாங்க வருபவருக்குத் தாயைக் காட்டுங்கள். சட்டத்தைச் சொல்லி மிரட்ட எனக்கு ஆசை இல்லை, ஆனாலும் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு அபராதம் 20,000 வெள்ளியில் ஆரம்பித்து ஒரு லட்சம் வரை போகிறது, சிறையும் உண்டு.

இனி குட்டி எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்த தாய் நாய்கள் உங்களிடம் இருந்தால், கருத்தடை செய்துவிட்டு என் கடைக்குக் கொண்டு வாருங்கள். குளிப்பாட்டி, சிக்கெடுத்து, நகம் வெட்டித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.